படுத்தபடியே கரையும் கொழுப்பு

ஒலியடிகள் என்ற சாமியாரின் கூடத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். காதுக்குக் கேட்காத ஒலியால் ஈரல் கொழுப்பை அளப்பார், அதே ஒலியால் கரைத்தும் விடுவார். நாம் உடம்பை அசைக்கவே வேண்டாம். கூட்டத்துக்குக் கேட்பானேன்?

வரிசையில் முதல் ஆள் தையல்காரர். ஆஸ்பத்திரி ஸ்கேனில் அவருடைய ஈரலில் கொழுப்பு தெரிந்தது. "குடியை விடுங்க, தினம் நடங்க, மறுபடி அளந்து பாப்போம். அலட்சியமா விட்டா ஈரல் கெட்டுப்போயிடும்," என்றார் டாக்டர். நடப்பதா? தையல்காரர் அடிகளிடம் வந்து படுத்துக்கொண்டார். படுத்துப் படுத்து இடுப்பு பெருத்து, தன் கால்சட்டையையே இரண்டு முறை பிரித்துத் தைத்தார். "கொழுப்பு வெளியே வந்துட்டிருக்கு," என்று அடிகள் விளக்கினார். இவரும் தலையாட்டினார்.

மறு ஸ்கேன் இன்றைக்கு. போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். மனைவி அவரிடம் கேட்டாள்.

"அங்க சில்லுனு களிம்பு தடவி, தோலோட ஒட்டி வச்சுத்தானே பாத்தாங்க? நடுவுல காத்து இருந்தா ஒலி உள்ள போகாதுன்னாங்களே. இவரு போர்வை மேலயே வைக்கிறாரு?"

"அது சாதா ஒலி. இது தெய்வீக ஒலி."

"அப்ப பக்கத்து வீட்டு அக்காவையும் காட்டிடறேன். பாவம், வாயத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாங்க."

பெண்கள் முகத்தையும் மூடிப் படுக்கவேண்டும் என்பது கூடத்து விதி. தள்ளுவண்டியில் போர்த்தியபடியே வந்த அக்காவும் அப்படியே படுத்தார். அடிகள் போர்வைமேல் கருவியை வைத்தார். திரையில் ஈரல் தெரிந்தது.

"முத்திப்போச்சு. இவங்களுக்கு நாக்கு அடங்கல. ராத்திரியில நொறுக்குத்தீனி."

கூட்டம் உச்சுக்கொட்டியது. மனைவி போர்வையை உருவினாள். கழுத்துக்கு மேல் எதுவுமே இல்லாத தையல்கடைப் பொம்மை. உள்ளே பஞ்சு அடைத்தவரே தையல்காரர்தான். அவருக்குக் காது மடல் சுட்டது. மனைவி கருவியின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். மறுமுனை எதிலும் செருகாமல் பாயடியிலிருந்து சும்மா வந்தது. திரையில் மட்டும் ஈரல் ஆடிக்கொண்டே இருந்தது.

"உனக்குக் கொழுப்பு அதிகம்மா," என்றார் அடிகள்.

"பாத்தீங்களா, இதைக் கண்டுபிடிக்க மெஷினே தேவைப்படல."

தையல்காரர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். பின்னால் ஒருவர் மெய்சிலிர்த்துக் கொண்டிருந்தார்: "பொம்மைக்கே ஈரலைக் காட்டுறாருன்னா என்ன சக்தி பாருங்க."

ஈரலில் சேரும் கொழுப்பை அளக்க ஆஸ்பத்திரியில் கருவி இருக்கிறது. கழுத்துக்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் அவரவர்தான் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.