இரைச்சல் தொடர்பாக எடுக்கப்பட்ட நடவடிக்கை

தம் பெயர் அழைக்கப்படும் வரை பொதுமக்கள் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றிதழ் அலுவலகத்தின் அடிப்படைக் கொள்கை. பெயரை அழைப்பதற்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். மாடியில் அவருக்கு ஒரு சின்ன அறை, ஒரு மைக். கீழே கூடத்தின் மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. கணீரென்ற குரல் அவருக்கு. பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் யாராயிருந்தாலும் அந்தக் குரல் கூப்பிட்டால்தான் சான்றிதழ்.

ஒரு திங்கட்கிழமை அவர் மைக்கைப் போட்டதும் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது, பெட்டிக்குள் வண்டு புகுந்த மாதிரி. அவர் முதல் ஆளின் பெயரை அழைத்தார். கூடத்தில் ஙொய் மட்டும் கேட்டது.

விஷயம் துணை இயக்குநரிடம் போனது. அவர் எதையும் தீர ஆராயாமல் முடிவெடுக்க மாட்டார். அம்மாள் மைக்கைப் போட்டால் இரைச்சல் வருகிறது, சாப்பிடப் போனால் நின்றுவிடுகிறது என்பதை நேரில் உட்கார்ந்து கவனித்தார். ஆகவே இரைச்சல் அம்மாளிடமிருந்தே வருகிறது என்று கண்டறிந்தார். தொண்டை மருத்துவரிடம் சான்று வாங்கிவர வேண்டும், அதுவரை அவருடைய வேலை பரிசீலனையில் இருக்கும் என்று உத்தரவும் போட்டார்.

மருத்துவர் ஆ காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் இரைச்சல் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். துணை இயக்குநர் அதை நிதானமாகப் படித்தார்.

"தொண்டை சரி. மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

நாளெல்லாம் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியதில், அன்று இரவு அம்மாள் தம் கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரரும் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார். இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு என்றார் கணவர்.

"விட்டா, நான்தான் அந்தச் சத்தம்னு ஆயிடும்" என்றார் அம்மாள். தமக்கென்று இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது.

மறுநாள் மெக்கானிக்கை அழைத்து வந்தார். மைக்கை மாற்றினார்கள். ஒயரை மாற்றினார்கள். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து தூசி தட்டினார்கள். ஙொய் அசையவில்லை. சலித்துப்போய் உட்கார்ந்தபோது அது தானாக நின்றது. எட்டிப் பார்த்தால், இயக்குநர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்து அறைக்குள் போனதும் மறுபடி ஙொய்.

மெக்கானிக் சுவரோரமாக ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது இயக்குநர் அறையில் முடிந்தது. அங்கே புதிதாக ஒரு மசாஜ் நாற்காலி. அந்த வருடம் இயக்குநர்களிடையே அதுதான் நாகரிகம். நாற்காலி குலுங்காத இயக்குநரைக் கூட்டங்களில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நாற்காலிக்கும் மைக்குக்கும் ஒரே லைன்.

மெக்கானிக் சாமான்களை எடுத்துப் பையில் போட்டார். "நாற்காலியோட சத்தம்னா சரி பண்ணிடுவேன்மா. இது உக்காந்திருக்கிறவரோட சத்தம்."

அம்மாள் தாமே உள்ளே போய் விவரத்தைச் சொன்னார். இயக்குநர் குலுங்கியபடியே பொறுமையாகக் கேட்டார்.

"எ...ன...க்கு ஒ...ண்...ணும் கே...க்...க...லை...யே" என்றார்.

மாலையில் சுற்றறிக்கை வந்தது. மேற்படி ஒலி இரைச்சல் அன்று. அலுவலகம் இடையறாது இயங்குவதற்கான சான்று. இனி அது 'இயக்க ஒலி' என்றே குறிப்பிடப்படும். அதற்கு இடையூறாகப் பேசுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

பெயரை அழைப்பதும் பேச்சுதானே என்று அம்மாள் கேட்டார். அது ஆராயப்பட வேண்டிய விஷயம் என்றார் துணை இயக்குநர்.

அதற்கு மேல் அம்மாள் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு நீளமான ஒயரைக் கொண்டுவந்து, கீழ்த்தளத்திலிருந்து தனியாகக் கரண்ட் இழுத்துக்கொண்டார். இரைச்சல் போயே போய்விட்டது. அவர் குரல் கூடமெங்கும் மணி அடித்த மாதிரி ஒலித்தது. முதலில் அழைக்கப்பட்டவர் டீ குடிக்கப் போயிருந்தார். விதிப்படி மூன்று தடவை அழைத்துவிட்டு, அவருடைய ஃபைலைக் கட்டின் அடியில் வைத்தார்கள். அடுத்தவருடைய ஃபைலைப் பார்க்கும் எழுத்தர் விடுப்பில் இருந்தார். சாயங்காலம், மற்றவர்கள் நாளை வரவும் என்று அம்மாள் அறிவித்தார். ஓர் எழுத்து விடாமல் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை பொதுமக்கள் கூட்டமாகப் படியேறி வந்தார்கள். நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து அம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

முன்னால் நின்றவர், மாமனாருடைய இறப்புச் சான்றிதழுக்காக நடையாய் நடக்கும் மருமகள். "அக்கா, அந்தச் சத்தத்தை மறுபடி போட முடியுமா?" என்று கேட்டார். சத்தம் இருந்தபோது யாரைக் கூப்பிட்டார்கள் என்று எழுத்தர்களுக்கும் தெரியவில்லையாம். அதனால் கவுண்டர் ஜன்னலில் யார் முகம் தெரிந்ததோ அவர்களுடைய வேலையை முடித்து அனுப்பினார்களாம். மதியத்துக்குள் கூடமே காலியாகிவிடுமாம்.

அம்மாள் மைக்கை அணைத்தார். பிறகு குனிந்து ஒயரைப் பிடுங்கி, பழைய லைனிலேயே செருகினார். ஙொய் என்றது. எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

மருமகள் மட்டும் போகவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்தவங்களுக்கெல்லாம் இந்தச் சத்தமே போதும்க்கா. என் பேரை மட்டும் கொஞ்சம் தெளிவா சொல்லிடுங்க."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கலைந்துபோனவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, மருமகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.