மெழுகுப் பெரியப்பாவும் என் விடுதிப் பள்ளியும்

லா முஷ்லியேர் கோட்டை,
செப்டம்பர் 23

பெருமதிப்பிற்குரிய சிதோனி அத்தை அவர்களுக்கு, தம்பி மகள் எர்மீன் (வயது பதினைந்து, குற்றம் ஒன்று) பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு கூரையைத் தவிர அனைவரும் நலம். நாந்த் நகரில் தாங்களும் தங்கள் ஒழுகாத கூரையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தை, அக்டோபர் விடுமுறை முடிந்ததும் அப்பா என்னை விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்போகிறார். அவர் உலகத்தில் பயப்படுவது தங்களுக்கு மட்டும்தான். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டும்.

நடந்தது இதுதான். செப்டம்பரில் நாடு முழுக்கப் பழைய கோட்டைகளை மக்கள் பார்க்கத் திறந்துவிடும் அந்தச் சனி ஞாயிறு நாங்களும் ஊருக்கே கதவைத் திறந்துவிடுவோமே, தங்களுக்குத் தெரியாததா. காலையிலேயே எங்கள் வாழ்க்கை மொத்தத்தையும் வாரி நீல வரவேற்பறைத் திரைக்குப் பின்னால் திணித்துவிட்டோம்: காபிக் கிண்ணங்கள், பல் துலக்கும் பிரஷ்கள், அப்பாவின் ஈரச் சாக்ஸ். பத்து மணிக்குப் பிறகு இந்த வீட்டில் மனிதர் யாரும் குடியிருந்த தடயமே இருக்கக் கூடாது. முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு அப்பாதான் சுற்றிக்காட்டினார். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எந்த ராஜா இங்க தங்கினாரு?" அப்பாவுக்குப் பொய் வராது. "யாரும் தங்கல. ஒருத்தர் அதோ அந்த ரோட்டு வழியா போனாரு. நிக்கல." கூட்டத்தின் முகம் வாடும், அதைப் பார்த்து அப்பாவின் முகமும் வாடும். பெற்ற பெண் மனசு தாங்குமா?

இதற்கிடையே ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கொன்சாக் பெரியப்பா தன் வேட்டைக் கோட்டோடு அதே நீல வரவேற்பறை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எழுப்பினேன். "நாப்பது வருஷமா இதுலதான் தூங்கறேன். டிக்கெட் வாங்கினவன் வேற பக்கம் பாக்கட்டும், போடி!" என்று சொல்லி வாயை மூடாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். முப்பது பேர் படியேறி வருகிறார்கள், அத்தை! குடும்ப மானம் என் கையில். சிவப்புக் கயிற்றை அவரைச் சுற்றிக் கட்டினேன், ஒரு அட்டையும் எழுதி மாட்டினேன்: "மெழுகுச் சிலை. ஆறாம் பிரபு, உணவுக்குப் பின். தொடாதீர்கள்."

கூட்டம் அப்படியே அசந்துபோய் நின்றது. தொப்பி வைத்த ஒரு அம்மாள், "இது உங்களோடதா, இரவல் வாங்கினதா?" என்று கேட்க, அட்டையைக் கண்டு வெளிறிப்போயிருந்த அப்பா, "எங்க குடும்பத்தோடதுதான்" என்றார். பொய்யே இல்லை, பாருங்கள்.

"மூக்கு முடியெல்லாம்கூட வச்சிருக்காங்க!" என்றாள் அம்மாள்.

"மூஞ்சிதான் சரியா வரல. வெயில்ல இளகிடுச்சு போல," என்றார் அவள் புருஷன்.

சிலை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "உன் மூஞ்சிய கண்ணாடியில பாத்திருக்கியாடா?"

அம்மாள் வீறிட்டுத் திரையைப் பிடித்தாள், திரை கம்பியோடு விழுந்தது, முப்பது பேருக்கும் முன்னால் எங்கள் வாழ்க்கை சாக்ஸோடு உருண்டது. பிறகு பலத்த கைதட்டல்! "அடுத்த காட்சி எத்தன மணிக்கு?" என்று யாரோ கேட்க, "நாலுக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா மறுபடி மெழுகானார். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. "எர்மீன். விடுதிப் பள்ளி," என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அத்தை, நான் போய்விட்டால் இங்கே ஒருவரும் உருப்படியாகப் பொய் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து அப்பாவிடம் பேசுங்கள். தங்கள் இரு கன்னங்களுக்கும் முத்தங்கள், தங்கள் இரு பூனைகளுக்கும் ஒன்றுக்கு ஒன்று தெரியாமல் தனித்தனி வணக்கங்கள்.

இப்படிக்கு,
நாடு கடத்தப்படவிருக்கும்
எர்மீன்

பி.கு.: தபால்காரி இப்போதுதான் அந்தப் பள்ளியின் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தை, அதுவும் ஒரு கோட்டை! அகழி, நான்கு கோபுரம், என் வயதில் நூற்றிருபது பேர், ஞாயிறுதோறும் பிள்ளைகளே பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டுமாம். எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசிவிடாதீர்கள். "பொண்ணு லெட்டர்ல ஒரேயடியா அழுவுறா, போகவே மாட்டேங்கறா" என்று மட்டும் இன்றே அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். எனக்குச் சந்தோஷம் என்று தெரிந்தால் அனுப்பமாட்டார்.