செட்டி வீட்டில் மலிவுப் பூங்கா

உ
சிவமயம்

பினாங்கு, டத்தோ கிராமாட்,
யுவ வருஷம், சித்திரை மாதம்.

மகாராஜராஜஸ்ரீ அம்மான் அவர்கள் சமுகத்துக்கு, மருமகள் மீனாள் அடக்கத்தோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் உங்கள் மகனும், நானும், ஒரு முல்லைக்கொடியும், எங்களைக் கேளாமல் குடிவந்த எட்டுப் பூனைகளும் சுகம். அவ்விடம் உங்கள் முழங்கால் வலியும் அயித்தையின் கோபமும் தணிந்திருக்கத் இங்குள்ள தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

சிறு பிள்ளையில் உங்கள் தோளில் உட்கார்ந்து, காதைப் பிடித்துக் குதிரை ஓட்டியவள்தான் நான். ஆனால் உங்கள் மகனுக்கு மாலையிட்ட நாளிலிருந்து உங்கள் எதிரில் நான் பேசியது 'இலை போட்டாச்சு' என்ற இரண்டு வார்த்தைதான். அப்படிப்பட்டவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று திகைக்க வேண்டாம். இதை உங்கள் மகன் எழுதுவதாகத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்து, 'நலம். வட்டி இல்லை. பூ. மற்றவை நேரில்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதை அனுப்பினால் காரியம் இன்னும் கெட்டுவிடும் என்று நானே பேனாவை எடுத்தேன்.

நம் வட்டிக்கடை மேலாள் சொக்கநாதன் அண்ணனின் கடிதம் முந்திய கப்பலில் உங்களுக்கு வந்திருக்கும். உங்கள் மகன் கிட்டங்கியில் உங்கள் கடையில் அவருக்கு அடுத்தாளாக இருந்துகொண்டே வீட்டில் திருட்டுத்தனமாகத் தனிக்கடை வைத்து, வட்டியைக் குறைத்து, வாடிக்கைக்காரர்களை இழுக்கிறார் என்றும், அதற்குப் போட்ட முதல் நான் உங்கள் வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தது என்றும், அதை நானே என் வாயால் ஒப்புக்கொண்டேன் என்றும் அதில் எழுதியிருக்கும். ஒப்புக்கொண்டது நிஜம். மற்றதெல்லாம் பிசகு. நான் கப்பலேறுமுன் நீங்கள் அயித்தையிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னது மறக்கவில்லை: "ஒரு வருஷம் இருந்து பாக்கட்டும். தப்பா ஒரு வார்த்தை என் காதுல விழுந்தா அடுத்த கப்பல்ல திரும்பிரணும்." வார்த்தை விழுந்துவிட்டது. நான் திரும்ப வேண்டுமா என்பதை இதைக் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை தந்தியாபீசுக்கு ஆளை அனுப்ப வேண்டாம்.

எல்லாம் இங்கிலீஷ் வருஷப் பிறப்பில் ஆரம்பித்தது. கிட்டங்கியில் ஆண்கள் வரிசையாகக் கைப்பெட்டியை முன்னால் வைத்துப் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் பெண் குடியிருக்க முடியாது என்று உங்கள் மகன் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாரே, அதில் அவர் காலையில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். நான் கொண்டுவந்த புஸ்தகங்களை மூன்று தடவை படித்துவிட்டேன். அப்போது ஒரு மாதர் பத்திரிகையில், புது வருஷத்தில் பெண்கள் வீட்டிலேயே அனுபவிக்கக்கூடிய எளிய இன்பங்கள் என்று ஒரு வியாசம் வந்தது. பாசிமணி கோத்துக் கிளி செய்யலாம், கூடை முடையலாம், மண்ணெண்ணெய்த் தகரத்தில் பூச்செடி வளர்க்கலாம், மனம் சாந்தி அடையும் என்று எழுதியிருந்தார்கள். எழுதிய அம்மாள் எந்த ஊரோ, அவர் மனம் சாந்தி அடைந்துதான் எழுதியிருப்பார். நான் கிளி கோத்தேன். உங்கள் மகன் பார்த்துவிட்டு, "கோழி நல்லா வந்திருக்கு" என்றார். அலகை மாற்றினேன். "இப்பச் சேவல்" என்றார். சரி, கூடைக்கு வருவோம் என்று நம் ஊர்க் கொட்டான் முடைய உட்கார்ந்தால் இங்கே பனையோலை கிடையாது. பாசாரில் விற்கிற தாழை ஓலையை வாங்கி முடைந்தேன். அது ஈரம் காயக் காயத் தன் இஷ்டத்துக்குச் சுருங்கி, ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, காது கேளாதவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. இங்கிலீஷ் வருஷம் இப்படிப் போயிற்று. ஆனால் இந்த ஊரில் ஒரு சௌகரியம், அம்மான். ஒரு வருஷப் பிறப்பில் செய்த சங்கற்பம் கெட்டுப்போனால் கொஞ்சம் பொறுத்தால் சீனர் வருஷப் பிறப்பு வரும். அதுவும் போனால் நம் சித்திரை இருக்கிறது. ஊர் முழுக்க மறுபடியும் பட்டாசு வெடித்து, மறுபடியும் மன்னித்துவிடுவார்கள்.

சீனர் வருஷத்தில் தோட்டத்துக்கு வந்தேன். தகரங்களில் செண்டுப்பூ விதை போட்டேன். வேலி ஓரத்தில் முன்பே ஒரு முல்லை நின்றது. அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன், அதுதான் வம்பே. பக்கத்து வீட்டு ஹபீபா பீவி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புள்ள, மீன் கழுவுன தண்ணிய ஊத்து, செடி எப்படி வருதுன்னு பாரு" என்றார். ஊற்றினேன். செடியும் வந்தது, டத்தோ கிராமாட்டில் உள்ள பூனைகளும் வந்தன. போனவை போக எட்டு நின்றுவிட்டன. அவற்றில் ஒன்று சேவல்கிளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, அந்த மட்டுக்கு நல்லது.

ஆனால் பங்குனி முடிவதற்குள் பூத்தது பாருங்கள், அம்மான்! தகரத்துக்குத் தகரம் மஞ்சள், ஆரஞ்சு. முல்லையோ வேலியைத் தாண்டி ஹபீபா அக்கா துணி உலர்த்தும் கயிற்றில் ஏறிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் வாசனை வந்து, 'எங்கே போகப் போகிறாய்?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். இந்த ஊருக்கு வந்தபின் அன்றைக்குத்தான் நான் எங்கும் போக வேண்டாம் என்று நினைத்தேன். தலையில் வைத்து, சாமிக்குச் சாத்தி, அக்கம்பக்கம் கொடுத்தும் மிச்சம் வாடியது. வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அக்கா, "பூவெல்லாம் வீணாப் போகுதே. வாசல்ல ஒரு பலகை மாட்டு. வேணுங்கிறவங்க வந்து வாங்கிக்கட்டும். நாங்க எழுதித் தாரோம்" என்றார். எழுதியது அக்கா வீட்டுக்காரர் பஷீர் அண்ணன். அரபு எழுத்தில் மலாய் எழுத அழகான கை அவருக்கு.

இங்கே மலாய்க்காரர்கள் பூவைப் 'பூங்கா' என்கிறார்கள். நமக்குப் பூங்கா என்றால் முழுத் தோட்டம். ஒரு பூவையே தோட்டமாக நினைக்கிற ஜனங்கள் என்று அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு பிரியம். மலிவுக்கு 'மூரா'. ஆகவே 'பூங்கா மூரா' என்று எழுதச் சொன்னேன். பஷீர் அண்ணன் எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்து, "வீட்டுக்கு அடையாளம் வேணாமா தங்கச்சி?" என்று மேலே 'ரூமா செட்டி' என்று சேர்த்தார். ரூமா என்றால் வீடு. செட்டி வீடு, பூ மலிவு. இதில் என்ன தப்பு இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, "பூங்கா பெராப்பா?" என்றார். பூ என்ன விலை என்கிறார் என்று, கொஞ்சந்தான் என்று விரலைக் காட்டினேன். சந்தோஷப்பட்டு, எத்தனை மாதம் என்று கேட்டார். பூ மாதக்கணக்கிலா தாங்கும்? 'சத்து ஹாரி', ஒரே நாள், சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றேன். அவர் முகம் வெளுத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார். பூ பிடிக்காதவர்போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்து மாட்டுவண்டிக்காரர் அர்ஜுனன். நம் கடை வாடிக்கைக்காரர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஆச்சி, இங்க பூங்கா மூராவாம்ல, ரோடு பூரா அதே பேச்சு. நெசந்தானா?"

"நெசந்தான்."

"அடகு?"

என் காதில் அடுக்கு என்று விழுந்தது. "அடுக்கு மல்லி இன்னும் வரலை. அது இல்லாமலே எடுத்துக்கங்களேன்."

"அது இல்லாமலேயா!" அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூவின் மேல் இவ்வளவு பக்தியா என்று நானும் உருகிப்போனேன். "எம்புட்டு வரைக்கும் தருவீக, ஆச்சி?"

"கொட்டான் நிறைய அள்ளித் தாரேன். பெரிசா ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க."

ஓடினார், அம்மான். கோணிச்சாக்கோடு திரும்பி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர், அவரவர் கையில் சட்டி, பெட்டி. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ரிக்ஷாவிலிருந்து இறங்கினார் சொக்கநாதன் அண்ணன். கடைக்கு வந்த யாரோ, 'உங்க அடுத்தாள் வீட்டில் மலிவாமே' என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ன தங்கச்சி, தம்பி தனிக்கடை வச்சாச்சாக்கும்?"

"கடையெல்லாம் இல்லண்ணே. நான்தான் சும்மா இருக்கிற நேரத்துல..."

"நீயா! எவ்வளவு வெளியில போயிருக்கு?"

"காலையிலேருந்து அக்கம்பக்கத்துக்கே நாலு கொட்டான்."

"கொட்டான் கணக்கா!" அண்ணன் அப்படியே செண்டுப்பூத் தகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகும் அது தகரம் என்று அவருக்குத் தெரியவில்லை. "முதல் யாருது?"

முதலில் வைத்த செடியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன்: "அம்மான் வீட்டுது. ஊர்லேருந்து வரும்போதே ஈரத்துணியில சுத்தி, யாருக்கும் தெரியாம கொண்டாந்தேன்."

அண்ணன் காப்பிகூடக் குடிக்கவில்லை. வேட்டியில் எருவும், மனத்தில் உங்களுக்கு எழுத வேண்டிய கடிதமுமாகப் போய்விட்டார். அன்றைய தபால் அன்றே கப்பலேறியது.

சாயங்காலம் உங்கள் மகன் வந்து பலகையைப் படித்தார். படித்துவிட்டு வாசலிலேயே குந்தி உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எட்டுப் பூனைகளும் வேலி தாண்டின. மலாயில் வட்டிக்கும் பூங்கா என்றே பெயராம்! ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிற அவருக்கு அந்தச் சொல் வட்டி என்றுதான் தெரியும், அதற்குப் பூ என்றும் பொருள் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பூ என்றுதான் தெரியும். ஒரே வீட்டில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்திருக்கிறோம். அப்போது எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நம் பழைய பாட்டுகளில் 'வட்டி' என்றால் ஓலைக்கூடை. அதில்தான் பூவை வைப்பார்கள். ஆகவே பஷீர் அண்ணன் பலகையிலும் தப்பில்லை, என் கொட்டானிலும் தப்பில்லை. இதைச் சொன்னேன். உங்கள் மகன் சிரிப்பை நிறுத்தி, "மீனா, நீ கிளின்னு சொன்னது கிளிதான்" என்றார். இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர ஒரு வருஷமே போதாது, அம்மான். பாதி வருஷத்திலேயே திருப்பி அழைத்துக்கொண்டால் எப்படி?

மறுநாள், சித்திரை முதல் தேதி, உங்கள் மகன் சொக்கநாதன் அண்ணனைக் கூட்டிவந்து விளக்கினார். கேட்டதும் அண்ணன், "லெட்டர் கப்பல்ல போயிருச்சே, தங்கச்சி" என்றார். பாவம், அவர் மேல் கோபிக்க வேண்டாம், உங்கள் கடையின் மேல் உள்ள விசுவாசத்தில்தான் எழுதினார். சாக்கோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், முதல் நாளே ஆளுக்கொரு முல்லைக் கிளை ஒடித்துக் கொடுத்து, பிடித்தால் எனக்கும் ஒன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அண்ணனும் வெட்கத்தோடு இரண்டு கிளை கேட்டு வாங்கிக்கொண்டார். பலகையைக் கழற்றியாகிவிட்டது. ஆகவே, இந்த வீட்டில் வட்டி வியாபாரம் கிடையாது, ஒருநாளும் கிடையாது, உங்கள் கிணற்றடியில் நிற்கும் முல்லையில் கேளாமல் ஒடித்த ஒரு கிளையைத் தவிர நான் எதையும் ஒளித்துக் கொண்டுவரவும் இல்லை என்று சத்தியமாக எழுதுகிறேன். அந்தக் கிளைக்காக மன்னித்து, என்னை இங்கேயே இருக்க விட வேண்டும்.

அயித்தைக்கு என் வணக்கம். வீட்டில் பெரியவர்கள் எல்லார் காலிலும் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள். இங்கிருந்து விழுந்தால் கடலில்தான் விழ வேண்டும், ஆகையால் அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள்.

தங்கள் மருமகள்,
மீனாள்.

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் ஹபீபா அக்கா வந்தார். மாசியில் என்னிடம் ஒரு முல்லைக் கிளை வாங்கிப் போயிருந்தார். இன்று வேர்பிடித்த கன்று இரண்டைக் கொண்டுவந்து வைத்து, "ஒண்ணு நீ குடுத்தது புள்ள. இன்னொண்ணு பூங்கா" என்று சிரித்தார். கொண்டுவந்தது என் கோணல் கொட்டானில். வட்டியை வட்டியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு நூறு. ஆகவே மேலே 'வட்டி வியாபாரம் கிடையாது' என்று எழுதிய வரியை அருள்கூர்ந்து அடித்துவிடுங்கள், சொக்கநாதன் அண்ணன் எழுதியது அத்தனையும் உண்மை. வாங்கியவர்களில் பெரிய புள்ளி அவர்தான். முதல் உங்களுடையது, அதனால் வரவு உங்கள் பேரில். ஆனால் வெளியில் நிற்பது ஏராளம், ஒவ்வொன்றும் வேர்பிடித்துத் திரும்பி வரவேண்டும். இவ்வளவு நிலுவையை ஊரில் விட்டுவிட்டு நம் வீட்டுப் பெண் கப்பலேறினால் கிட்டங்கியில் நம்மை என்ன சொல்வார்கள், அம்மான்?