கிணற்றுக்கு இருநூற்றைம்பது சொல்

ஆய்வுச் சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது என்பது மாநாட்டு விதி. வெரோனிக்கா டீச்சர் எழுதியதில், கிணறு என்ற சொல் வருவதற்குள்ளேயே இருநூறு தீர்ந்துபோயிருந்தது. வாளி சுவரில் இடிக்கும் சத்தம், ஞாயிறு பூசைக்கு முன் தலையில் ஊற்றிக்கொண்ட குளிர், கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கை என்று அத்தனையும் அவருடைய சின்ன வயசு.

"டீச்சர், இது அப்ஸ்ட்ராக்டா, பேப்பர்ல போடுற நினைவஞ்சலியா?" என்றார் டேரில். அவர், வெரோனிக்கா வேதியியல் நடத்தும் தனியார் கல்லூரியில் துறைத் தலைவர். வயதில் இளையவர், பேச்சில் மூத்தவர். "என்ன பிரச்சினை, எப்படி செஞ்சீங்க, என்ன கெடச்சிச்சு, அதனால என்ன. அவ்ளோதான் லா. மாநாட்டுல இடம் கிடைக்கலன்னா உங்க வேலை கான்ட்ராக்ட்ல நான் எப்படி சைன் போடறது?"

கிடைத்தது என்னவோ பெரிய விஷயம்தான். டத்தோ கிராமாட் பகுதியில் ஐந்து பழைய வீடுகளில் இன்னும் கிணறு இருக்கிறது, அடுப்படிக்குப் பின்னால், பலகை போட்டு மூடி. அந்த ஐந்தின் தண்ணீரும் சோதனையில் ஒரு கிருமிகூட இல்லாமல் நின்றது. மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். வெரோனிக்கா பிளக்கவில்லை. தன் வீட்டுக் கிணற்றில் அப்பா சிமெண்ட் கொட்டிய அன்று சோறு சாப்பிட மறுத்தவர் அவர். அந்தத் தண்ணீர் இனிக்கும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி, கேட்டவர் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். இப்போது மிஷினே சொல்லிவிட்டது.

சின்ன வயசை வெட்டினார். வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை என்று, ஐந்தில் ஒன்றான பாக்கியசாமி வீட்டில் வாசித்துக் காட்டினார். அங்கேதான் வினை.

"எங்க கிணத்துக்குப் பேரு 'மாதிரி ரெண்டா'?" ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற பாக்கியசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்கம்மா புக்கிட் மெர்தாஜாம்லேருந்து கல்யாணம் ஆகி வந்தன்னைக்கு கால் கழுவின தண்ணிமா அது. அதை எழுது."

எழுதினார். அது எப்படித்தான் சுவரைத் தாண்டியதோ, அடுத்த வீட்டு ஹாஜரா கேட்டிலேயே வழிமறித்தார்.

"ஏன் வெரோ, அவுக வீட்டுக் கிணத்துக்கு மட்டும் கதை உண்டோ? எங்கத்தா சூலியா தெரு கடைக்கு அரிசி களஞ்சது இந்தத் தண்ணியிலதான். சோறு வாசம் கப்பல் வரைக்கும் போகும்!"

"அக்கா, இது சயின்ஸ் அக்கா..."

"சயின்ஸ்காரங்க சோறு திங்க மாட்டாங்களோ?"

அதுவும் ஏறியது. மற்ற மூன்று வீடுகள் சும்மா இருக்குமா? எல்லாக் கதைக்கும் இடம் விட்டு, செய்முறையைத் தூக்கினார் வெரோனிக்கா. பலகையைத் தூக்க இடுப்பு இடம் கொடுக்காததால், பாட்டிலை வீட்டுக்காரர்களிடமே கொடுத்து நிரப்பி வாங்கிய வரியும் அதோடு போனது.

டேரில் தலையில் கை வைத்துக்கொண்டார். "கதையெல்லாம் தூக்கிடுங்க. ஸ்ட்ராங்கா ஒரு முடிவு சொல்லுங்க. 'இருக்கலாம்', 'தோன்றுகிறது' எல்லாம் வேணாம்."

கதை போனது. 'இருக்கலாம்' போனது. காலியான இடத்தில் வெரோனிக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்: 'இக்கிணறுகளின் நீரை இன்றே, அப்படியே அள்ளிக் குடிக்கலாம்.' சின்ன வயசில் குடித்த ருசி நாக்கில் இருந்தபோது பயம் எதற்கு? அனுப்பிவிட்டார்.

மாநாட்டுக்காரர்கள் தொடக்க நாளிலேயே மேடை கொடுத்தார்கள். டேரில் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டதோடு, கல்லூரி வாசலில் டீச்சரின் படத்தைப் பேனராகவும் கட்டினார். அத்தோடு விட்டார்களா? வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நேரில் வர ஆசைப்படுவதாக இன்னொரு மின்னஞ்சல்.

வெரோனிக்கா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஹாஜரா வீட்டுக் கூடத்தில் பாக்கியசாமி தே தாரேக் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! அண்ணே! சனிக்கிழமை ஒரு பஸ் நெறைய பேராசிரியருங்க வராங்க. நம்ம கிணத்துத் தண்ணிய மொண்டு அப்படியே குடிச்சுப் பாக்கணுமாம்!"

ஹாஜரா பாக்கியசாமியைப் பார்த்தார். பாக்கியசாமி கூரையைப் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணியவா?" என்றார் ஹாஜரா. "படிச்ச பொண்ணு வீடு தேடி வந்து தண்ணி கேட்டா, தவளை கெடக்குறதையா குடுப்போம்? அஞ்சு வீட்டு பாட்டிலுக்கும் எங்க வீட்டு ஃபில்டர்லதான் பிடிச்சுக் குடுத்தோம் லா!"