பலகை மேல் அப்பா, பதற்றத்தில் நான்

பல்லுக்கும் சொல்லுக்கும் எங்கள் குடும்பத்தின் இறுதி அதிகாரியும், சொத்தைப் பிரிக்கும் வக்கீல்கள் மலிந்த இவ்வுலகில் சொத்தையை மட்டும் பிடுங்கும் உத்தமருமான அன்பு மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் வாலு வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா நலம். நான் பாதி நலம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கு தாங்களும், அத்தையும், தினமும் தங்கள் முன் வாய்பிளந்து நிற்கும் பொதுமக்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்குவீர்கள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடுவார்கள். மெசேஜ் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அத்தை படிப்பார்கள், அத்தை படித்தால் அம்மா படித்த மாதிரி. அதனால்தான் கவர் மேல் 'கடைவாய்ப் பல், அவசரம்' என்று எழுதி கிளினிக் முகவரிக்கு அனுப்புகிறேன். பிரித்ததும் உள்ளே இருந்து ரப்பர் பல்லி விழவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பல் டாக்டருக்குப் பல்லி அனுப்புவது போன தடவையோடு சரி. இது அப்படிப்பட்ட கடிதம் இல்லை, மாமா.

விஷயம் என்னன்னா, ஞாயிற்றுக்கிழமை நீங்க போன் பண்ணித் தீர்ப்பு சொல்லணும். எங்க வீட்ல பிளக் வச்ச எந்தப் பொருளும் உங்க சம்மதம் இல்லாம வாசப்படி தாண்டாதுங்கிறது அம்மா போட்ட சட்டம். இஸ்திரிப்பெட்டியில இருந்து கொசு பேட் வரைக்கும் "இரு, தம்பிய ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்"தான். இப்ப கோர்ட்டுக்கு வந்திருக்கிறது ஒரு வி.ஆர். ஹெட்செட். கண்ணை மறைச்சுத் தலையில மாட்டிக்கிட்டா வேற உலகத்துக்குள்ள போய் விளையாடலாம். எங்க தமிழ் டீச்சர் இதை மெய்நிகர்னு சொல்வாங்க, ஆனா மாட்டினவங்களை வெளியில இருந்து பார்த்தா பேய்நிகர்தான். காத்தைக் குத்திக்கிட்டு, இல்லாத ஆளைத் திட்டிக்கிட்டு, முட்டின நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. வேணும்னு கேட்டது நான்தான், மறுக்கலை. தெருமுனை மொபைல் கடை அண்ணன் ஒரு தடவை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்போ அப்பாதான் போய்த் திறந்து இறக்கிவிட்டார். அந்த நன்றிக்கு ஷோகேஸ்ல இருந்த டெமோ பீஸை எடுத்துக் கொடுத்து, "வீட்ல வச்சு ஆடிப் பாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காசோட வா, இல்ல பெட்டியோட வா, சும்மா மட்டும் வராத"ன்னு அனுப்பிட்டார்.

முதல்ல அம்மாவைக் கவுத்துட்டா பாதிக் கிணறு தாண்டினாப்லன்னு நினைச்சு, கார் ரேஸைப் போட்டு அவங்க தலையில மாட்டினேன். டிரைவிங் ஸ்கூல் டீச்சர்கிட்ட கார் ரேஸைக் கொடுத்தா, பூனைகிட்ட கருவாட்டைக் கொடுத்த மாதிரி இருக்கும்னு நம்பினேன். அம்மா சீட்டைச் சரி பண்ணணும்னாங்க. கண்ணாடியைச் சரி பண்ணணும்னாங்க. எல்லா வண்டியும் பறந்துபோன பிறகு இடப்பக்கம் வலப்பக்கம் பார்த்து இன்டிகேட்டரைத் தேடினாங்க. பின்னால ஒரு வண்டி வந்து முட்டுது, அதை ஓட்டுற பையன் எந்த ஊரோ, இவங்க ஓரம் ஒதுங்கி "நீங்க போங்க தம்பி, அவசரம் போல"ங்கிறாங்க. கடைசியா வந்து சேர்ந்துட்டு, "ஒரு கீறல் இருக்கா பாரு வண்டில"ன்னு பெருமை வேற. கழட்டினதும் தீர்ப்பு: "ரோட்டுல இந்தப் பசங்க எங்க இருந்து இப்படி ஓட்டக் கத்துக்கிறாங்கன்னு இத்தனை வருஷமா யோசிச்சேன். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. இது வீட்டுக்குள்ள வேண்டாம்." அதோட அம்மா ஓட்டு எதிரணிக்குப் போச்சு. மிச்சம் இருந்தது அப்பாவும் நீங்களும்.

அப்பாவுக்கு என்ன போடலாம்னு தேடினப்போ பலகை விளையாட்டுன்னு ஒண்ணு கிடைச்சது. ஒரு லிஃப்ட்ல ஏறி உயரமான கட்டடத்தோட உச்சிக்குப் போகணும். கதவு திறந்தா வெளியில ஆகாயத்துல ஒரு பலகை நீட்டிக்கிட்டு இருக்கும், அது மேல நடக்கணும். அவ்வளவுதான் விளையாட்டு. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது வீட்டு வாசல்ல கோலம் மாதிரி, ஊதித் தள்ளிட்டு "நல்லாருக்கே, வாங்கிடலாம்"னு சொல்வார்னு கணக்குப் போட்டேன். கூடவே என் வேலையும் கொஞ்சம் வச்சிருந்தேன். டேபிள் ஃபேனை அவர் முகத்துக்கு நேரா திருப்பி வச்சேன், பலகைக்குப் போனதும் போடுறதுக்கு. போன்ல வீடியோவும் ஓடிச்சு, நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குத்தான்.

மாட்டினதும் அப்பா அந்த லிஃப்ட்டுக்குள்ளயே போகமாட்டேன்னுட்டார். "கதவு முழுசா மூடுறதுக்கு முன்னாடியே கிளம்புதும்மா. இதை எவன் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டான்?"

"அப்பா, இது பொம்மை லிஃப்ட்."

"பொம்மைன்னா? ஆள் ஏறுறான்ல?"

கெஞ்சிக் கூத்தாடி உச்சிக்கு அனுப்பினா, கதவு திறந்ததும் ஆள் நிக்கிறார், நகரலை. "என் பேக்ல இருந்து பெல்ட்டை எடுத்துட்டு வா"ன்னார். நிஜ சேஃப்டி பெல்ட், மாமா, லிஃப்ட் போற வழியில உயரத்துல தொங்கி வேலை பார்க்கும்போது போடுறது. இடுப்புல மாட்டினேன். "கொக்கிய எங்கயாவது கெட்டியா மாட்டு"ன்னார். நானும் சிரிப்பை அடக்கிக்கிட்டு ஃபிரிட்ஜ் கைப்பிடியில மாட்டினேன். பலகையில ரெண்டு எட்டு வச்சார். நான் ஃபேனைப் போட்டேன். மனுஷன் அப்படியே குந்திட்டார். கயிறு இழுத்தது, ஃபிரிட்ஜ் கதவு திறந்தது, முட்டைத் தட்டு முன்னால வந்து, முட்டை முறையா ஒவ்வொண்ணாத் தரையில குதிச்சது. அம்மா ஓடி வந்து பார்த்துட்டு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. நானும்தான். அப்ப அப்பா பெட்டியைக் கழட்டாமலே, ரொம்ப மெதுவா, பக்கத்துல இருந்த எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "கயிறு அறுந்துடுச்சா?"ன்னு கேட்டார்.

நான் ஃபேனை நிறுத்தினேன். கழட்டி வாங்கினா உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் நனைஞ்சு போயிருந்தது. அது விளையாடி வந்த வேர்வை இல்ல, மாமா. அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பலை. இது என் வரலாற்றுலயே முதல் தடவை.

அப்புறம் ஒருநாள் விடிஞ்சும் விடியாம எழுந்து வந்தா ஹால்ல அப்பா. வேலைக்குப் போடுற சட்டை, ஷூ, பெல்ட், தலையில பெட்டி. தரையில நிஜமாவே ஒரு பலகையைப் போட்டு அது மேல, கயித்து மேல நடக்கிற ஆள் மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு போறார், வர்றார். ஷூ நடுங்குற சத்தம் கேட்டுருக்கீங்களா? அன்னைக்கு நான் கேட்டேன். கழட்டினவர் என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனமா பிஸ்கட் தின்ன பையன் மாதிரி விழிச்சார்.

"அம்மா?"

"தூங்குறாங்க."

பலகையிலயே உட்கார்ந்தார். "வேலையில ஒருநாள் மேல கால் வழுக்கிடுச்சும்மா. பெல்ட் பிடிச்சுக்கிச்சு. ஒண்ணும் ஆகலை. சாயங்காலம் வந்து உன்கூட கேரம்கூட ஆடினேன், நீ ஜெயிச்சியே."

அந்த வெற்றியை நான் பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கேன், மாமா. அவர் கை நடுங்கினதுதான் காரணம்னு இப்பல்ல தெரியுது.

"அதுல இருந்து மேல போனா கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. கீழ குழி வேலையை நான் எடுத்துக்கிறேன், மேல ஏணி ஏறிக்கிறான்." ஏணிங்கிறது அவரோட ஜோடி மெக்கானிக், ஆள் உயரம். "புதுக் கட்டடம் ஒண்ணு வருது. அடுத்த மாசம் உச்சியில இருந்து வேலை, ரெண்டு பேருமே ஏறியாகணும். முடியாதுன்னா ஸ்டோர்ல உட்கார வச்சிடுவாங்க, போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்க."

"அம்மாகிட்ட சொல்லுங்கப்பா."

"சொன்னா அன்னைக்கே வேலையை விடச் சொல்வா. எனக்கு லிஃப்ட்டை விட்டா என்னம்மா தெரியும்?" பலகையைத் தடவினார். "இந்தப் பெட்டி இருந்தா பழகிடுவேன்னு தோணுது. இந்த வயசுல எனக்கு விளையாட்டுச் சாமான் வேணும்னு நான் போய்க் கேக்க முடியுமா? நீ கேளு. உனக்குன்னு கேளு. அடம் பிடி. உனக்கு நல்லா வருமே."

பொறந்ததுல இருந்து எதுக்கு அடி வாங்கினேனோ அதுக்கு அப்பா கையாலயே லைசென்ஸ் கிடைச்சது, மாமா. கிடைச்ச அன்னைக்கு எனக்கு அடமே வரலை. அம்மா முன்னால போய் நின்னு "எனக்கு வேணும்"னேன், "வேண்டாம்"னாங்க, "சரி"ன்னு வந்துட்டேன். அம்மா என் நெத்தியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கான்னு பார்த்தாங்க.

இதோட முடிஞ்சிருந்தா, "மாமா, வாங்கச் சொல்லிடுங்க"ன்னு ஒரே வரியில எழுதி மேல ஒரு பல்லியும் வச்சு அனுப்பியிருப்பேன். தினமும் காலையில நான் காவல், அப்பா பலகை. நடுக்கம் குறைஞ்சது நிஜம். கையை விரிக்காம நடந்தார். பலகை நுனியில நின்னு திரும்பினார். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. நேத்து காலையில நுனிக்குப் போனவர் அப்படியே காலை வெளியில வச்சார். வேணும்னே. கழட்டிட்டுச் சிரிக்கிறார். "விழுந்தா ஒண்ணுமே இல்லம்மா. கீழ போய் நின்னுட்டு மறுபடி ஏறி வந்துடலாம். இதுக்குப் போயா பயந்தேன்?" நான் அவர் இடுப்பைப் பார்த்தேன். பெல்ட் நாற்காலியில தொங்குது.

"பெல்ட் போடலையாப்பா?"

"இதுக்கு எதுக்கு?"

அப்பத்துல இருந்து எனக்குச் சோறு இறங்கலை, மாமா. இதுக்கு எதுக்குன்னு சொன்ன அதே வாய்தானே அங்க போயும் சொல்லும்? பெட்டிக்குள்ள விழுந்தாத்தான் திரும்ப ஏறி வரலாம்னு மனசுக்குத் தெரியும், காலுக்குத் தெரியுமா? பயம் போகணும்னு நினைச்சேன், பயத்தோட சேர்ந்து பெல்ட்டும் போயிடும்னு நினைக்கலை. வாங்கினா அப்பா பயமில்லாம மேல போவாரோன்னு பயம். வாங்கலைன்னா பயத்தோடயே மேல போவாரோன்னு பயம். கணக்குப் பரீட்சைக்குக்கூட நான் இப்படி நகம் கடிச்சதில்லை, பத்தும் தீர்ந்துடுச்சு.

அதனால, கேட்டவளே நான்தான்னாலும், ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு சொல்லிடுங்க. கண்ணுக்குக் கெடுதல், பல்லுக்குக் கெடுதல், எதையாவது சொல்லுங்க, அம்மா நம்புவாங்க. அப்பாகிட்ட மட்டும் தனியாப் பேசுங்க. உங்க நாற்காலியில உட்கார்ந்து கைப்பிடியைப் பிய்க்கிறவங்களை நீங்க எப்படியோ வாயைத் திறக்க வைக்கிறீங்கல்ல, அதே மாதிரி இவர் வாயையும் அம்மா முன்னால திறக்க வைங்க. பல் டாக்டரா இருந்தா என்ன, டாக்டர் டாக்டர்தானே.

அத்தைக்கு என் வணக்கத்தையும் பாப்பாவுக்கு முத்தத்தையும் கடிதத்தைக் காட்டாமல் சேர்ப்பிக்கவும். ஆசி வழங்கும் வயது எனக்கு இல்லாததால் தங்களுடையதை வேண்டி, குனிந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒருமுறையாவது நம்பத் தகுந்த,
வாலு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழ், மாமா. மேலே உள்ளதைப் படித்த கையோடு மறந்துவிடவும். இன்னைக்குக் காலையில அம்மா ஹாலுக்கு வந்து, "நாலு நாளா நான் குழியில படுக்கிற மாதிரி இருக்கே, என் பக்கத்துக் கட்டில் பலகையை யார் உருவினது?"ன்னு கேட்டாங்க. அப்பா அதே பலகை மேல நின்னுக்கிட்டு இருந்தார். நீங்க திறக்க வேண்டிய வாய் தானா திறந்துடுச்சு. எல்லாத்தையும் சொன்னார். அம்மா வேலையை விடச் சொல்லலை. "என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க எல்லாம் நடுங்கிக்கிட்டுத்தான் வர்றாங்க. பக்கத்துல நான் உட்கார்ந்தா ஓட்டுறாங்க. கிளம்பு, அந்தக் கட்டடத்தைக் காட்டு"ன்னு ஸ்கூட்டரை எடுத்தாங்க. அப்பா பையில ரெண்டு பெல்ட் எடுத்து வச்சதை நான் பார்த்தேன். அதுக்கு அப்புறம்தான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

இப்பத்தான் அப்பா போன் பண்ணினார். என்ன பண்றேன்னு கேட்டார், உங்களுக்கு எழுதுறேன்னு உளறிட்டேன். மொட்டை மாடியில கால் வச்சதும் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத் தரையில உட்கார்ந்துட்டாங்களாம். அவங்களுக்கு உயரம் ஆகாதுன்னு அவங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியுமாம். அப்பா அவங்களுக்குப் பெல்ட்டை மாட்டி, கொக்கியைக் கம்பியில போட்டு, கையைப் பிடிச்சு ஒவ்வொரு எட்டா படி வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கார். "வந்து சேர்ந்த பிறகுதான் பார்க்கிறேன்மா, விளிம்பு ஓரமா நடந்து வந்தது நான்"ங்கிறார், குரலே வேற மாதிரி இருந்தது. அப்ப அம்மா போனைப் பிடுங்கி, இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டே, "தம்பிக்கு எழுதுறியாமே. அந்தப் பெட்டியை வாங்கலாம்னு சொல்லச் சொல்லு"ன்னாங்க.

"யாருக்கும்மா?"

"உனக்குத்தாண்டி."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாங்கலாம் என்றே தீர்ப்பு சொல்லவும். யாருக்கு என்று கேட்டால் எனக்கு என்று சொல்லவும். எங்கள் வீட்டில் எனக்காக வாங்கும் அந்தப் பெட்டியை, அப்பா முடித்து, அம்மா முடித்து, ஏணி மாமாவும் ஒருமுறை கேட்டுவிட்டால், நான் எப்போது தொடுவேன் என்று தெரியவில்லை. இரண்டாக வாங்கினால் நல்லது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.