றேமண்ட் அண்ணைக்கு ஒரு கேடயம்

"ஆர் என்ன கேட்டாலும் 'தண்ணிய மாத்துங்கோ' எண்டு மட்டும் சொல்லுங்கோ. மீனுக்கு வாற முக்கால்வாசி வருத்தத்துக்கு அதுதான் மருந்து," என்று எமல்டா புருசனின் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

"நீயே போவன்."

"போய்? மூண்டு வருசமா உங்கள் எல்லாரையும் பேய்க்காட்டி ஏமாத்தினனான் எண்டு அவையளிட்டச் சொல்லவோ?"

கொட்டாஞ்சேனை வீட்டில் எட்டு மீன் தொட்டிகள். எட்டும் எமல்டாவினுடையவை. அவளுடைய போன் மட்டும் றேமண்டின் பேரில், படமும் அவருடையது. மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர். ஒரு பொம்பிளைப் பேர்கூட இல்லை. இன்றைக்கு அந்தக் குழுவின் முதல் ஒன்றுகூடல்; எல்லோருக்கும் ஆலோசனை சொல்லும் 'றேமண்ட் அண்ணை'க்குக் கேடயம் கொடுக்கிறார்கள்.

"என்ர பேரில கேட்டா, 'ஹாய் டியர், சாப்பிட்டீங்களா' எண்டு வரும். உங்கட பேரில எண்டா, 'சொல்லுங்கோ அண்ணை' எண்டு வரும்," என்பாள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த றேமண்ட் எவரையும் லேசில் நம்பமாட்டார். ஆனால் மகள் கனடா போனபின் வாயே திறக்காமல் கிடந்த எமல்டாவை மறுபடி கதைக்க வைத்தது இந்தக் குழுதான். அந்த நன்றிக்காகவே வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு கடை மாடியில் நாற்பது ஆம்பிளைகள். அட்மின் ஜவாத் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அண்ணன், என்ட மீனுக்கு வெள்ளைப் புள்ளி..." என்றார் ஒருவர்.

"தண்ணிய மாத்துங்கோ."

"நானும் அதத்தான் சொல்ல வந்த," என்றார் ஜவாத்.

"தொட்டி வைச்ச நாளில இருந்து மனிசி என்னோட கதைக்கிறாளில்லை, அண்ணை," என்றார் இன்னொருவர்.

"தண்ணிய மாத்துங்கோ."

"எவ்வளவு ஆழமான கதை!" கைதட்டு விழுந்தது.

அப்போதுதான் ஹாஷிம் என்பவர் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். உள்ளே தங்கமீன் ஒன்று மல்லாக்க மிதந்தது.

"தண்ணிய..."

"காலையிலயும் மாத்தின, இப்பவும் மாத்தின. ஏழு வருசம் வளத்த மீன், அண்ணன்." ஹாஷிமின் கண் கலங்கியிருந்தது.

றேமண்ட் ஜவாத்தைப் பார்த்தார். ஜவாத் கூரையைப் பார்த்தார்.

வேறு வழியில்லை. மூலைக்குப் போய் எமல்டாவுக்குப் போன் அடித்தார். காது மந்தமென்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். அதை இன்றைக்கென்று மறந்துபோனார்.

"வயிறு ஊதியிருக்கோ?" என்று மாடி முழுக்க எமல்டாவின் குரல் கேட்டது. "அப்ப தீன் கூடிப்போச்சு. ரெண்டு நாளைக்கு ஒண்டும் போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பிறகு பட்டாணியை அவிச்சு, தோலுரிச்சு, துளி குடுக்கச் சொல்லுங்கோ. அது சாகாது."

நாற்பது தலைகளும் மூலைப் பக்கம் திரும்பின.

"இது யாரு?" என்றார் ஹாஷிம்.

"நீங்கள் தேடுற றேமண்ட் இவதான். எனக்கு மீனைப் பொரிக்கிறதுக்குமேல ஒண்டும் தெரியாது," என்றார் றேமண்ட். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கோவமெண்டா என்னை அடியுங்கோ. அவளைக் குழுவில இருந்து தூக்கிப்போடாதேங்கோ. என்ர வீட்டில சிரிப்புச் சத்தம் கேக்கிறது உங்களாலதான். அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்."

ஹாஷிம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனைப் பார்த்து, "நன்றி அக்கா," என்றார்.

தூக்குவதோ விடுவதோ அட்மின் கையில். எல்லோரும் ஜவாத்தைப் பார்த்தார்கள். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி தன் போனை எடுத்து மனைவிக்கு அடித்தார்.

"நிஹ்லா, காருக்குள்ள ஒளிஞ்சிருந்தது போதும். மேல வா, உண்மையான அட்மின் நீதான் எண்டு நானும் சொல்லிடுறேன்."