திருத்தப்பட்ட அலை

கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், பாய்மரப் படகு கட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எஸ்டேட் ஆள். பேழை கட்டிய நோவாவுக்காவது மேலிடத்து உத்தரவு இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவேட்டில் எங்கேயோ இருக்கிறது. எங்களுக்கு அவர் லாவுட். மலாய் மொழியில் லாவுட் என்றால் கடல். முப்பது வருடம் எஸ்டேட் லோரி ஓட்டி, தேயிலைப் பெட்டிகளைக் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கியவர். திரும்பி வந்ததும் ஆபீஸ் ஜன்னல் வழியாக, "சாமான் எல்லாம் ஒழுங்கா இறங்குச்சா?" என்று கேட்பேன். "இன்னிக்குக் கடல் கொஞ்சம் கோவமா இருந்துச்சு ஐயா" என்பார். நான் எஸ்டேட் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. துரைக்கு எழுதும் அறிக்கையில் கடலின் கோபத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஓய்வு பெற்றதும் மனிதர் பழைய லோரிக் கொட்டகையில் பலகை அடுக்க ஆரம்பித்தார். கோழிக்கூண்டு கட்டுகிறார் என்றார்கள். ஆறு மாதத்தில் அது இருபது அடி நீளத்துக்கு வளர்ந்து, முன்பக்கம் கூராகிவிட்டது. இவ்வளவு பெரிய கோழி எது என்று ஜனங்கள் யோசித்தார்கள். முதல் பாயை, பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமில் தக்காளிக் குடில் போட்டிருந்த ஒருவர் கொடுத்த பிளாஸ்டிக் தாளில் தைத்தார். சோதிக்கலாம் என்று கொட்டகை வாசலில் விரித்த நாளில் மலைக்காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கோயில் கூரையில் சாத்தியது. ஞாயிறு பூசையில் பாதிரியார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேலே பார்த்துப் பார்த்துப் பிரசங்கம் செய்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை. படகுக்குக் கரண்ட் வேண்டும் என்று அவர் சொன்ன நாளிலிருந்து அது தொடங்குகிறது.

"காத்துல ஓடுற கப்பலுக்குக் கரண்ட் எதுக்கு லா?" என்று ஊரே கேட்டது. "ஒரு சாமானுக்கு வேணும்" என்பார். எந்தச் சாமான் என்று சொல்ல மாட்டார். டிவி என்றார் ஒருவர். பாட்டுப் பாடும் மெஷின் என்றார் இன்னொருவர். நான், "ரைஸ் குக்கர்தானே லாவுட்டு? நடுக்கடல்ல பசிச்சா என்ன பண்றது!" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது கிராணி வீட்டுக்குத்தான் வரும். ஆஸ்பத்திரிச் சீட்டு, வக்கீல் கடிதம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் எல்லாம் வரும். ஓய்வு பெற்றாலும் கிராணி கிராணிதான். கிராணி "தெரியாது" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. இந்தப் பெருமையை நாற்பது வருடம் வளர்த்துவிட்டிருந்தேன்.

லாவுட் இரண்டு விலைப்பட்டியல்களோடு வந்தார். ஒன்று, கரையில் இருக்கும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் சார்ஜர். மற்றது, பேட்டரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர்.

கரண்ட் ஏறுவதில் மூன்று கட்டம் என்று சார்ஜர் தாளில் போட்டிருந்தது. மூன்றாவதன் பெயர் 'ஃபுளோட்'. பேட்டரி நிறைந்த பிறகு அதைப் பதமாகக் காக்கும் கட்டம் அது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. "ஃபுளோட்டுன்னா மிதக்கறது" என்றேன்.

லாவுட் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா! மிதக்கிற படகுக்குன்னே செஞ்சிருக்கான்!"

"பின்னே? இதையே வாங்குங்க."

வாங்கினார். அது மிக நல்ல சார்ஜர். இரண்டு பேட்டரிகளும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தெம்பாக நின்றன. "கிராணி ஒரு வார்த்தையிலே கண்டுபிடிச்சுட்டாரு" என்று ரிங்லெட் காப்பிக் கடை வரைக்கும் பேச்சு. குருட்டு அதிர்ஷ்டத்துக்குப் படிப்பு என்று பேர் வந்துவிட்டது.

அடுத்தது இன்வெர்ட்டர். அதில் இரண்டு வகை. ஒன்றில் 'பியூர் சைன் வேவ்' என்று போட்டிருந்தது. மற்றதில் 'மாடிஃபைட் சைன் வேவ்'. சைன் என்ற சொல்லைப் பள்ளிக்கூடக் கணக்கில் பார்த்ததோடு சரி. வேவ் என்றால் அலை. அலை என்றதும் எங்கள் இருவர் மனசிலும் கடல்தான் வந்தது. பியூர் என்றால் சுத்தமானது, வேறொன்றும் சேராதது. மாடிஃபைட் என்றால் மாற்றப்பட்டது, திருத்தப்பட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"முதல் வகை பழசு. அலை எப்படியோ அப்படியே விட்டுட்டான். ரெண்டாவது அதைத் திருத்தி நல்லாக்கினது. திருத்தப்பட்ட அலை. அதுதான் உங்களுக்கு."

"எழுதிக் குடுங்க ஐயா. தாப்பா கடையில காட்டணும்."

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

பெட்டி வந்தது. கொட்டகையில் ரைஸ் குக்கரை மாட்டிப் பார்த்தோம். சோறு பூப்போல வெந்தது. நெத்திலிச் சம்பலோடு இருபது பேர் சாப்பிட்டார்கள். என்னைப் படகின் முனையில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்ப்பதில்லை.

இங்கே ரோசம்மாவைச் சொல்ல வேண்டும். லாவுட்டின் மனைவி. முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக இருந்தார். அந்தக் குழாய் எட்டுகிற தூரம்தான் அவருக்கு உலகம்: கட்டில், அடுப்படி, வாசற்படி. நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம், விசாரித்தோம், ஜெபித்தோம். ஆனால் ஒருவர் கூட அவரையும் படகையும் சேர்த்து நினைக்கவில்லை. படகு லாவுட்டின் பைத்தியம் என்று முடிவு கட்டியாகிவிட்டது.

லுமுட் கடலுக்குப் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை, கொட்டகைக்குப் போனேன். படகுக்குள்ளே லாவுட் ஒரு மூலையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலியில் ரோசம்மா, மடியில் குழாயோடு. ஆக்சிஜன் மெஷின் அந்த மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"முப்பது வருசமா, கடல் இன்னிக்கு நல்லா இருக்கு, கோவமா இருக்குன்னு சேதி மட்டும்தான் கொண்டாந்தாரு இந்த மனுசன்" என்றார் ரோசம்மா. "நானே நேர்ல போய் என்ன கோவம்னு கேட்டுக்கறேன்."

நான் சிரித்துவிட்டு, கையில் அகப்பட்ட இன்வெர்ட்டர் தாளைச் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், மோட்டார் உள்ள மருத்துவக் கருவிகளை இந்த வகையில் மாட்டக்கூடாது, அதற்குப் பியூர் வகைதான் வேண்டும் என்று போட்டிருந்தது. அது புரியாத ஆங்கிலம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். லாவுட் இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முன்னெச்சரிக்கைக்காகப் போட்டிருப்பான், ஓடினாலும் ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பயந்தது ரோசம்மாவுக்காக இல்லை. கிராணிக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று ஊர் சொல்லுமே, அதற்காக.

மறுநாள் விடிந்ததும் படகு இறங்கியது. கோலா தெர்லாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரி ஒன்றில், கூடைகளுக்கு நடுவில் அண்டக் கொடுத்து வைத்திருந்தார்கள். தாப்பா வளைவுகளில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் தாமாகவே ஓரம் கட்டின. மலையிலிருந்து கப்பல் இறங்கி வந்தால் யார்தான் வழி விடமாட்டார்கள்? லுமுட்டில் அதைத் தண்ணீரில் விட்டபோது முட்டைக்கோஸ் வாசம் வீசியது. மீனவர்கள், "எந்த ஊரு படகு?" என்று கேட்டார்கள். "மேல" என்று வானத்தைக் காட்டினார் லாவுட்.

நாங்கள் மூவரும் ஏறினோம். பாய் விரிந்தது. லாவுட் ஆக்சிஜன் மெஷினை இன்வெர்ட்டரில் மாட்டிப் போட்டார். அது வீட்டில் ஓடுகிற மாதிரி ஓடவில்லை. தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி இரைந்தது. கரை சிறுத்துக்கொண்டே போனது. ரோசம்மா பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மெஷின் கீச்சென்று கத்தி, நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப்போகிற சிறிய சிலிண்டர் ஒன்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்குக் காணும். லாவுட் குழாயை அதற்கு மாற்றினார். படகைத் திருப்பினார். திருப்பியதும் காற்றும் நின்றுவிட்டது. பாய் ஈரத்துணி போலத் தொங்கியது. சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு வந்தது. பாதிக்கும் கீழே போனது.

"ஏன் திரும்புறீங்க?" என்றார் ரோசம்மா. "இன்னும் கொஞ்சம் போலாமே."

லாவுட் சட்டையைக் கழற்றி ஆட்டி, தூரத்தில் போன மீன்படகைக் கூப்பிட்டார். அவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. பக்கத்து மீன்கடைக்காரர் உள்ளே ஓடி மின் இணைப்பு கொடுத்தார். மெஷின் பழைய சுருதியில் ஓடியது. ரோசம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியது.

படகுத்துறைக்கு வந்து, பைக்குள் கசங்கிப்போயிருந்த தாளை எடுத்தேன்.

"லாவுட்டு, தப்பு என்னோடது. நான் சொன்ன அர்த்தம் தப்பு. அதுகூடப் பரவால்ல. நேத்தே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வாயத் திறக்கல."

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "தாப்பா கடை முதலாளி, அந்தத் தவுக்கே, அன்னிக்கே சொன்னான் ஐயா. ஆக்சிஜன் மெஷினுக்கா? அப்ப இது ஆவாது, மத்ததை எடுன்னான்."

"அப்புறம்?"

"உங்க காயிதத்தைக் காட்டினேன். எங்க கிராணி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு சண்டை போட்டு வாங்கியாந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எதுக்குன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, லாவுட்டு?"

"சொன்னா ஊரே சேந்து அவளைத் தடுத்திருக்கும். நீங்க ரைஸ் குக்கர்னு சிரிச்சீங்க. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு நானும் சிரிச்சேன்."

மூன்று வாரம் கழித்து, புது விலைப்பட்டியலோடு மறுபடி என் வீட்டுக்குத்தான் வந்தார். வேறு யாரிடமும் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன், பார்த்தேன், கழற்றினேன். "எனக்குத் தெரியல, லாவுட்டு. கடைக்கே போன் போட்டுக் கேப்போம்" என்றேன். அந்த வாக்கியம் நாக்கில் முதல் தடவை வந்ததால் கொஞ்சம் இடறியது. இந்த முறை சுத்தமான அலை வந்தது. ரோசம்மா பங்கோர் தீவு வரைக்கும் போய், கடலிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தார். என்ன பதில் கிடைத்தது என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

மலைக்குளிர் அவருக்கு ஆகாது என்று இருவரும் லுமுட் பக்கமே குடிபோய்விட்டார்கள். போகும்முன் லாவுட் அந்தப் பழைய இன்வெர்ட்டரை என் வீட்டில் கொண்டுவந்து மாட்டினார். "கரண்ட் போனா லைட்டுக்கு ஆவும், சோறாக்க ஆவும். இது நல்ல ஆளுதான் ஐயா. நாமதான் வேற வேலை குடுத்துட்டோம்" என்றார். பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மலையில் மழை பிடித்தது என்று கேள்விப்பட்டால் இப்போதும் போன் போடுவார். "கரண்ட் இருக்கா ஐயா?" என்பார். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். "இல்ல லாவுட்டு, போயிடுச்சு" என்பேன். கரண்ட் வந்துவிட்டது என்று நான் சொல்லும்வரை பேசிக்கொண்டிருப்பார்.